மக்காச்சோள வாசம்

அக்டோபர் 8, ஞாயிறு

நாளைக் காலை வர்ணிகாவும் நானும் ஆஸ்பத்திரியின் அந்தக் கண்ணாடி அறைக்குள் போகிறோம். அவளுக்குப் புது ரத்த அணுக்கள் முளைக்கும்வரை அவள் வெளியே வர முடியாது. துணைக்கு ஒரே ஒரு ஆள் இருக்கலாம், அதுவும் அடிக்கடி மாறக்கூடாது. அந்த ஆள் நான்.

என் நாத்தனார் கலாமணிக்கு இதில் வருத்தம். லாட்ஜில் உட்கார்ந்து குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டே, "நானே இருந்துக்கறேனுங் அண்ணி, உங்களுக்கு எதுக்குங் சிரமம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள். சிரமமாம். பெற்றவளுக்கு!

டாக்டர் ஹேமலதா வர்ணிகாவையே கேட்டார், யார் கூட இருக்கவேண்டும் என்று. "அம்மா" என்றாள் தெளிவாக. நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. டாக்டர் கேட்டால் முழிக்காமல் பதில் சொல்லவேண்டும் என்று மட்டும் நேற்றுச் சொல்லியிருந்தேன். என்ன பதில் என்றும் சொல்லியிருக்கலாம். நினைவில்லை.

புது டைரி. முன்னுரை எழுதாவிட்டால் எனக்கு உறுத்தும், தொழில் புத்தி. நான் பூங்கோதை, வேதாரண்யம் பக்கத்தில் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. வீடு உடுமலையில். ஒவ்வொரு வருஷமும் மாறுதல் கலந்தாய்வுக்குப் போய் வெறுங்கையோடு திரும்புகிறேன். விடுமுறைக்கு மட்டும் வீடு. வர்ணிகா அவள் அப்பாவோடும் அத்தையோடும் வளர்ந்தாள். இப்போது அவளுக்குப் பத்து வயது.

நோயின் பெயர் வாயில் நுழையாது. நான் பயிற்சி செய்து நுழைத்து வைத்திருக்கிறேன்: ஜுவனைல் டெர்மட்டோமயோசைட்டிஸ். உடம்பைக் காக்கவேண்டிய அணுக்கள் சொந்தத் தசையையும் தோலையும் எதிரி என்று நினைத்து அடிக்கின்றன. படி ஏற முடியாது. கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. இப்போது தண்ணீர் குடித்தால்கூடப் புரை ஏறுகிறது. ஸ்டீராய்டு, ஊசி, டிரிப்ஸ் எதற்கும் அடங்கவில்லை. அதனால் அவள் ரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல்களைப் பிரித்து உறைய வைத்திருக்கிறார்கள். கடுமையான மருந்து ஏற்றிப் பழைய காவல்காரர்களை மொத்தமாக ஒழித்துவிட்டு, அந்தச் செல்களைத் திரும்ப உடம்பில் விடுவார்கள். புதிதாக முளைப்பவர்களாவது ஒழுங்காக இருப்பார்கள் என்று நம்பிக்கை. நடுவில் கொஞ்ச நாள் அவளுக்குக் காவலே இருக்காது. "ஒருத்தர் தும்மினா போதும்" என்றார் டாக்டர்.

என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று முதலிலேயே கையை நீட்டினேன். "இந்த ட்ரீட்மெண்டுக்கு அம்மாவோடது வேண்டாம், அவளோடதேதான் வேணும்" என்று சிரித்தார். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 9, திங்கள்

அறை சின்னது. காற்று எந்நேரமும் மேலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஒரு கட்டில், எனக்கு ஒரு சாய்வு நாற்காலி. வெளியே தாழ்வாரம், யாராவது பார்க்க வந்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று போனில் பேசவேண்டும். பூ, பழம், விபூதி, வீட்டுச் சாப்பாடு எதுவும் கூடாது.

காலை நர்ஸ் ஜெபசெல்வி, நாகர்கோவில்காரி. கதவைத் திறந்ததும் முதல் கேள்வி எனக்குத்தான். "டீச்சர், சளி, இருமல், தும்மல், காய்ச்சல், வயித்துப்போக்கு?"

"இல்லை."

தினமும் கேட்பாளாம். வருகைப்பதிவு மாதிரி இருக்கிறது. எனக்கு இந்த மாதிரி ஒழுங்கு பிடிக்கும்.

அக்டோபர் 10, செவ்வாய்

மருந்து ஆரம்பம். முடி கொட்டுவதற்கு முன்னால் நாமே எடுத்துவிடலாம் என்று மிஷினால் எடுத்துவிட்டார்கள். வர்ணிகா அழவில்லை. "இனிமே சடை போடறப்ப கை வலிக்காது" என்றாள்.

சடை போடும்போதுதான் கலாமணி முதலில் கண்டுபிடித்தாள். ரிப்பனைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் பிள்ளையின் கை கீழே விழுகிறது, கண் இமையெல்லாம் ஊதா நிறமாக இருக்கிறது என்று போன் செய்தாள். "பரீட்சை வருதுல்ல, நடிக்கறா. நான் பாக்காத நடிப்பா?" என்றேன். ஒரு பருவம் முழுக்க அப்படியே போய்விட்டது.

இதை எழுதத் தேவையில்லை. எழுதியாகிவிட்டது.

அக்டோபர் 12, வியாழன்

வாந்தி. சாப்பாடு இல்லை. மாற்றுத்துணி வாங்கக் கீழே போனேன். லிஃப்டில் கூட்டம். துணி கொண்டுவந்த என் வீட்டுக்காரர் தாடி வளர்த்திருக்கிறார், எந்தச் சாமிக்கு என்று கேட்கவில்லை.

அக்டோபர் 13, வெள்ளி

தொண்டையில் கரகரப்பு. ஏசி.

அக்டோபர் 14, சனி

ஜெபசெல்வி கேட்டாள். இல்லை என்றேன். கரகரப்பு அவள் கேட்கும் வரிசையில் இல்லை.

சமையலறைப் பையனிடம் வெந்நீர் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். உப்புப் பொட்டலம் சாப்பாட்டோடு வருகிறது.

வர்ணிகா இன்று கொஞ்சம் பேசினாள். வேதாரண்யத்தில் கடலைப் பார்த்தபடி வகுப்பறை இருக்குமா என்று கேட்டாள். உப்பளம்தான் தெரியும் என்றேன். அங்கே என் வகுப்பில் யார் நன்றாகப் படிப்பார்கள், யார் குறும்பு என்று எல்லாம் கேட்டாள். பெயர் பெயராகச் சொன்னேன். "எல்லாரையும் உனக்கு நல்லாத் தெரியுது" என்றாள்.

அக்டோபர் 15, ஞாயிறு

முகக்கவசம் இரண்டாகப் போட்டுக்கொள்கிறேன். பாதுகாப்புக்குத்தான். பாத்ரூமில் குழாயை நன்றாகத் திறந்துவிட்டே கை கழுவுகிறேன். நாற்காலியையும் கட்டிலிலிருந்து தள்ளிப் போட்டிருக்கிறேன். "ஏம்மா அத்தனை தூரம்?" என்றாள். கால் நீட்டிக்கொள்ள வசதி என்றேன்.

கண்ணாடிக்கு வெளியே கலாமணி நின்று போனில் கேட்டாள்: "குரல் ஒரு மாதிரி இருக்குதுங் அண்ணி?"

அழுதேன் என்று சொன்னேன். உடனே அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சொன்னதை அப்படியே நம்புகிற ஜன்மம்.

நாளைக்கு முக்கியமான நாள். நாளைக்குப் போய் ஆளை மாற்ற முடியுமா? நாளை கழியட்டும்.

அக்டோபர் 16, திங்கள்

செல் ஏற்றினார்கள்.

நான் என்னவோ ஆபரேஷன் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆவி பறக்கிற ஒரு டப்பாவில் உறைந்த பையைக் கொண்டுவந்து, வெந்நீரில் உருக்கி, டிரிப்ஸ் மாதிரியே ஏற்றிவிட்டார்கள். இளஞ்சிவப்பாக ஒரு திரவம். இதற்குத்தான் இத்தனை மாதப் பாடு. டாக்டர் ஹேமலதா கட்டில் பக்கத்திலேயே நின்றார்.

பாதி ஏறியதும் ஜெபசெல்வி, "வாசம் வருதா டீச்சர்? உறையும்போது செல்லு சாகாம இருக்க ஒரு மருந்து சேப்பாங்க, அதுக்க வாசம். ரெண்டு நாளைக்கு அவ மூச்சுலயும் வரும்" என்றாள்.

"ஆமா, வருது" என்றேன்.

வர்ணிகா கண்ணை விரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு சந்தோஷம். "நம்ம காட்டுல மக்காச்சோளம் வேக வெப்பாங்கல்ல, அதேதான்! அம்மா, உனக்கும் அப்படித்தான வருது?"

நான் மூச்சை இழுத்துப் பார்த்தேன். இரண்டு கவசம், அதற்குள் அடைத்த மூக்கு. ஒன்றுமே இல்லை. வெறும் சுவர் மாதிரி.

"ஆமாடா கண்ணு. பூண்டு வாசம் மாதிரிக்கூட இருக்கு" என்று சொல்லிவைத்தேன். டாக்டர் முன்பு ஒருமுறை பூண்டு என்று சொன்ன ஞாபகம்.

அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். அசதி.

அக்டோபர் 18, புதன்

"சளி, இருமல், தும்மல், காய்ச்சல், வயித்துப்போக்கு?"

"இல்லை."

அக்டோபர் 20, வெள்ளி

வர்ணிகாவுக்குக் காய்ச்சல். எதிர்பார்த்ததுதான், அணுக்கள் இறங்கும்போது எல்லாக் குழந்தைகளுக்கும் வரும் என்கிறார்கள். எல்லாக் குழந்தைகளுக்கும்.

எனக்கு இப்போது ஏறக்குறைய சரியாகிவிட்டது.

அக்டோபர் 21, சனி

காய்ச்சல் இறங்கவில்லை. மூச்சு வாங்குகிறது. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் ஹேமலதா என்னைக் கதவருகில் கூப்பிட்டுக் கேட்டார்: "அம்மா, நீங்க நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்களுக்கோ, வந்து போன யாருக்காவதோ சளி இருந்துச்சா?"

"இல்லீங்க டாக்டர்."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. நன்றாகப் படிக்கிற பிள்ளை மாதிரி.

அக்டோபர் 22, ஞாயிறு

நாளை நுரையீரலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கப் போகிறார்கள். பூஞ்சைத் தொற்றாக இருக்குமோ என்று சந்தேகம். மயக்க மருந்து கொடுக்கவேண்டும். அவள் நெஞ்சுத் தசையே பலவீனம். மயக்கம் தெளிந்த பிறகு தானாக மூச்சுவிட முடியாமல் போனால் வென்டிலேட்டரில் வைக்க நேரலாம், அதிலிருந்து எடுப்பது கஷ்டம் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். என் வீட்டுக்காரர் கண்ணாடிக்கு வெளியே நின்று கையெழுத்துப் போட்டார்.

நான் உள்ளிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 23, திங்கள்

சொல்லிவிட்டேன்.

ஜெபசெல்வி வழக்கம்போலக் கதவைத் திறந்து, வழக்கம்போல வரிசையாகக் கேட்டாள். ஆயுதபூஜை என்று நெற்றியில் யாரோ வைத்துவிட்ட பொட்டை வாசலில் நின்று அவசரமாகத் துடைத்துவிட்டு வந்திருந்தாள். அந்தத் தடத்தைப் பார்த்துக்கொண்டே, "இருந்துச்சு. பதிமூணாம் தேதியிலருந்து. தொண்டை, மூக்கு, இருமல் எல்லாம் இருந்துச்சு" என்றேன்.

அவள் கையிலிருந்த தெர்மாமீட்டரை மேஜையில் வைத்தாள். "டீச்சர், நான் தினமும் கேட்டேன்லா?" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

டாக்டர் வந்தார். குழந்தைக்காக மறைத்தேன், என்னை விட்டு இருக்கமாட்டாள் என்று பயந்தேன் என்றேன். "இதுக்கு உங்களைத் திட்டணும். இப்ப எனக்கு நேரமில்லை. குழாய் விட்டுப் பாக்கறதை நிறுத்தி வைக்கிறேன். ரெண்டு பேருக்கும் மூக்குல சாம்பிள் எடுத்துட்டு நீங்க வெளிய போங்க" என்றார்.

வர்ணிகா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அழவில்லை. "பொய் சொன்னியா?" என்று கேட்கவில்லை. "அத்தை வருவாங்களா?" என்று மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்.

வருவார்கள்.

கலாமணிக்குத் தாழ்வாரத்தில் வைத்து நானே சொன்னேன். அவள் முகம் போன போக்கை எழுத மாட்டேன். கையைக் கழுவி, கவசத்தைக் கட்டி, தலையை மூடிக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் என் போர்வையும் பையும் கதவு வழியாக வெளியே வந்தன.

அக்டோபர் 24, செவ்வாய்

இருவருக்கும் ஒரே வைரஸ். சாதாரணச் சளி வைரஸ். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வருவார்களே, அதே சளி. பூஞ்சை இல்லை, குழாய் வேண்டாம். ஆனால் அவளிடம் இப்போது ஒரு காவல் அணுகூட இல்லை. புது அணுக்கள் முளைத்தால்தான் உண்டு. "முளைக்குதா, சளி முந்துதான்னு பாக்கணும்" என்றார் டாக்டர்.

டாக்டரிடம் சொன்னது பாதிதான். குழந்தைக்காக மறைத்தேன் என்றேனே, அது பாதி. அந்த நாற்காலியில் கலாமணி உட்கார்ந்துவிடக்கூடாது என்பது மறுபாதி. அவள்தான் குளிப்பாட்டினாள், சோறூட்டினாள், நோயைக் கண்டுபிடித்தாள். இதிலாவது நான் இருந்தேன் என்று இருக்கட்டும் என்று நினைத்தேன். பிள்ளையின் உயிரை வைத்து நாத்தனாரோடு போட்டி போட்டிருக்கிறேன். எனக்கு என்னைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது.

அக்டோபர் 25, புதன்

ஆக்ஸிஜனைக் கூட்டியிருக்கிறார்கள். வீட்டுக்காரர் என்னோடு பேசுவதில்லை. டீ மட்டும் வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார்.

அக்டோபர் 26, வியாழன்

அப்படியே.

அக்டோபர் 27, வெள்ளி

மதியம் கலாமணி போன் செய்தாள். அன்றைக்குப் பிறகு முதல் பேச்சு.

"அண்ணி, எங்கிருக்கறீங்? புள்ள மருந்து குடிக்க மாட்டீங்குது. வந்து கண்ணாடிகிட்ட நில்லுங்."

"என்னைப் பாத்தா கோவப்படுவாளே."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங். அம்மா எங்க எங்கன்னு கதவையே பாத்துட்டுக் கெடக்குது. நீங்க பண்ணுனதுக்கு நான் ஒரு நாளைக்கு நல்லாக் கேக்கத்தான் போறேன். இன்னைக்கு வந்து நில்லுங்."

போய் நின்றேன். வர்ணிகா தலையைத் திருப்பிப் பார்த்தாள். கலாமணி டம்ளரை நீட்ட, என்னைப் பார்த்துக்கொண்டே துளித்துளியாக முழுங்கினாள். முழுங்கி முடிக்கும்வரை நான் அசையவில்லை. கலாமணி அவள் வாயைத் துடைத்துவிட்டாள். அந்தக் கைக்குத் தெரிந்த பக்குவம் என் கைக்குத் தெரியாது. இன்றைக்கு அதைப் பார்த்துப் பொறாமை வரவில்லை. அவள் அங்கே இருக்கிறாளே என்றுதான் இருந்தது.

அக்டோபர் 29, ஞாயிறு

முளைத்துவிட்டது!

ஜெபசெல்விதான் ஓடிவந்து சொன்னாள். நேற்றுவரை பூஜ்யம், இன்றைக்கு எண் இருக்கிறது. சின்ன எண்தான். காய்ச்சல் இன்னும் இருக்கிறது, ஆனால் டாக்டர் தாழ்வாரத்தில் நடந்து போகிற நடையே மாறியிருக்கிறது. என் வீட்டுக்காரர் தூணில் சாய்ந்து நின்று அழுதார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். தள்ளிப் போகச் சொல்லவில்லை.

நவம்பர் 1, புதன்

ஆக்ஸிஜனை எடுத்துவிட்டார்கள். காய்ச்சல் இல்லை. ஆபத்து தாண்டியது என்று டாக்டர் வாயாலேயே சொல்லிவிட்டார். தசை நோய் அடங்கியதா என்பது பல மாதம் போனால்தான் தெரியும். இப்போதைக்குப் பிள்ளை இருக்கிறாள்.

என் சாம்பிளும் சுத்தம். நாளைக்கு நான் உள்ளே போகலாம். டாக்டரே கூப்பிட்டுச் சொன்னார். "அவ கேட்டுக்கிட்டே இருக்கா. ஆனா ஒரு பொய் சொன்னீங்கன்னா..." என்று நிறுத்தினார். முடிக்கத் தேவைப்படவில்லை.

நவம்பர் 2, வியாழன்

கை கழுவும் இடத்தில் நிற்கும்போது ஒரு தும்மல் வந்தது. ஒன்றே ஒன்று. பக்கத்தில் யாரும் இல்லை. சோப்புத் தண்ணீர் மூக்கில் பட்டிருக்கும். கண்ணாடிக்கு உள்ளே வர்ணிகா எழுந்து உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெபசெல்வி வந்து கேட்டாள். "ஒரு தும்மல்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், உள்ளே குழந்தையைப் பார்த்தாள். "நாலு நாள் கழிச்சுப் பாப்போம் டீச்சர்" என்றாள்.

திரும்பி நடந்தேன். வர்ணிகா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தாழ்வாரத்தில் நின்ற என் வீட்டுக்காரருக்கு வந்ததே கோபம்: "ஒரு தும்மலுக்கா? அதைச் சொல்லாட்டித்தான் என்ன?"

இதைத்தான் நானும் அன்றைக்கு என்னிடம் சொல்லிக்கொண்டேன்.

நவம்பர் 6, திங்கள்

உள்ளே இருக்கிறேன்.

கலாமணி என் கையில் எல்லாவற்றையும் ஒப்படைத்தாள்: எந்த மருந்து கசக்கும், எதை எதோடு கொடுத்தால் இறங்கும், தலையணையை எந்தப் பக்கம் சாய்த்தால் புரை ஏறாது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். போகும்போது, "கேக்கறதை ஊருக்கு வந்து கேட்டுக்கறேனுங்" என்றாள். கேட்கட்டும்.

நான் நாற்காலியைக் கட்டிலருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பிறகு வர்ணிகா தானாகவே, "அம்மா, உனக்கு அன்னிக்கு மக்காச்சோள வாசம் வரலைதான?" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"பூண்டுன்னு சொன்னியே. பூண்டு வாசமே வரல. அப்புறம், குழாயத் திறந்து விட்டுட்டு இருமுனா எனக்குக் கேக்காதா?"

"அப்பவே தெரிஞ்சா ஏன் சாமி சிஸ்டர்கிட்ட சொல்லல? உனக்கு ஒட்டிக்கும்னு தெரியாதா?"

"தெரியும். டாக்டர் சொன்னாங்கல்ல." போர்வை நுனியை விரலால் சுருட்டினாள். "சொன்னா உன்னை வெளிய அனுப்பிருவாங்க. நீ வேதாரண்யம் போயிருவே."

நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இனி எங்கும் போக மாட்டேன், வேலையை விட்டாவது கூடவே இருப்பேன் என்று என்னென்னவோ சொன்னேன். இனிமேல் அம்மா பொய் சொன்னால் நீ சொல்லிவிடவேண்டும் என்றும் சொன்னேன். பத்து வயதுப் பிள்ளை, செத்தாலும் பரவாயில்லை அம்மா இருக்கட்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். அந்தக் கணக்கைப் போட வைத்தவள் நான். நான் சொன்ன பொய்யைவிட இது பெரிது.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை டாக்டரிடமோ கலாமணியிடமோ அவரிடமோ சொல்ல முடியாது. அவள் அப்படிச் சொன்னபோது, அந்த ஒரு கணம், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நவம்பர் 7, செவ்வாய்

காலையில் ஜெபசெல்வி வருவதற்கு முன்பே வர்ணிகா எழுந்துவிட்டாள். "அம்மா, கண்ண மூடு. மாஸ்க்கை கொஞ்சம் இறக்கு" என்றாள். மூடினேன். மூக்குக்கு முன்னால் எதையோ நீட்டினாள்.

"இது என்ன வாசம்?"

"கை துடைக்கிற ஸ்பிரிட்."

"இது?"

"உன்னோட கசப்பு மருந்து."

"இது?"

எதுவும் வரவில்லை. இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒரு நொடி எதையாவது சொல்லிவிடலாமா என்று தோன்றியது, அதையும் எழுதிவிடுகிறேன்.

"தெரியல கண்ணு" என்றேன். "வாசமே வரல. சிஸ்டர் வந்ததும் சொல்லிடலாம்."

கண்ணைத் திறந்தேன். அவள் கையில் ஒன்றுமே இல்லை, வெறும் உள்ளங்கை.

"சரி," என்றாள். "நீ இரு."